லொரெடானாவின் இருபது புள்ளிகள்

எங்கள் குடும்பத்தில் யாரும் அரசாங்கத்திடம் கை நீட்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்தில், இந்த மண்ணில் என் தந்தை கத்தியால் கரும்பு வெட்டினார். அதே நிலத்தில் நான் நாற்பது வருடம் பயிர் செய்தேன். என் மகள் லொரெடானா ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, நாற்காலியில் இருக்க முடியாமல் எழுந்துவிட்டேன்.

சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். ஐந்து வருடமாக உடம்பெங்கும் வலி. ரத்தத்திலும் தெரியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. எல்லா வைத்தியமும் பார்த்தாயிற்று. வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நோய் ஒருவரை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்பதற்குப் புள்ளி போடுவார்கள். உதவித்தொகை கிடைக்க இருபது வேண்டும்.

மதிப்பீட்டு நாளன்று அவளுடைய நீல உடையை நானே தேய்த்தேன். காலமான என் மனைவியின் முத்துத் தோடுகளை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் இத்தாலியக் குடும்பங்களில் அலுவலகத்துக்குப் போவதென்றால் தேவாலயத்துக்குப் போவதைப் போலத்தான் போவோம். வீட்டுக் கஷ்டம் முகத்தில் தெரியக் கூடாது.

"அப்பா, கோல் இல்லாம என்னால முடியாது," என்றாள் காரிலிருந்து இறங்கும்போது.

"என் கையப் பிடிச்சுக்க. பிரெஸ்ஸான் வீட்டுப் பொண்ணு நொண்டிக்கிட்டு வந்தான்னு யாரும் சொல்ல வேணாம்."

மதிப்பீட்டாளர் நலம் விசாரித்ததும், "நல்லா இருக்கேன், நன்றி" என்றாள். சிறுவயதில் நான் பழக்கியது. மற்ற கேள்விகளுக்கு அவள் வாய் திறக்குமுன் நானே பதில் சொன்னேன். சமையல்? சமாளிப்பாள். குளியல்? சமாளிப்பாள். வீடு திரும்பியபின் இரண்டு நாள் அவள் கட்டிலை விட்டு எழவில்லை. அதை அந்த மதிப்பீட்டாளர் பெண்மணி பார்க்கவில்லை.

கடிதம் வந்தது. நேர்த்தியாக உடுத்தியிருந்தார், துணைக்கருவி இன்றி நடந்தார், ஐம்பது நிமிடம் சிரமமின்றி உட்கார்ந்திருந்தார். பத்துப் புள்ளி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

என் தம்பி சில்வியோ கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "ஏண்ணே, பென்ஷனுக்குக் கூட்டிட்டுப் போனியா, மாப்பிள்ளைக்குக் காட்டக் கூட்டிட்டுப் போனியா?"

"வாய மூடுடா."

"நான் மூடிக்கறேன். அங்க நீ மூடியிருக்கணும்."

மறுபரிசீலனைக்கு மனுப் போட்டோம். அதை விசாரிக்கும் அதிகாரி தொலைபேசியில் அழைக்க வேண்டிய காலையில் நான் சமையலறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். காப்பி ஆறிப்போனது. "உக்காருப்பா, உன்னப் பாத்தா எனக்கு இன்னும் வலிக்குது," என்றாள் சோபாவில் சாய்ந்திருந்த லொரெடானா.

பத்தரைக்கு மணி அடித்தது. அதிகாரி அவளிடம் அரைமணி நேரம் பேசினார். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "கூட இருக்கிறவர் நீங்கதானே? வீட்டுல அவங்க ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு நீங்க சொல்லுங்க," என்றார்.

"நல்லாத்தான்..." என்று தொடங்கினேன்.

லொரெடானா கண்களை மூடிக்கொண்டாள். கெஞ்சவில்லை, திட்டவில்லை. இந்த அப்பாவிடமிருந்து வேறென்ன வரும் என்பதுபோல மூடிக்கொண்டாள்.

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அங்கே நிற்கவும் முடியவில்லை. மறுபடி உள்ளே வந்தேன். அவளும் கேட்கட்டும் என்று.

"அவளால கையத் தூக்க முடியாது. அவங்கம்மா போனதிலேர்ந்து நான்தான் அவளுக்குத் தலை அலசி விடறேன். சனிக்கிழமை சனிக்கிழமை. நீச்சல் உடையைப் போட்டுக்கிட்டு உக்காருவா, நான் அலசுவேன். நாப்பத்தோரு வயசுப் பொண்ணுக்கு."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "இதை ஏன் மதிப்பீட்டாளர்கிட்ட சொல்லல?"

"சொல்ற விஷயமா இது?"

"சொல்ல வேண்டிய விஷயம்தான். எழுத்துல கொடுங்க. சாட்சி முன்னாடி கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இன்னைக்கே ஸ்கேன் பண்ணி அனுப்பினா, இதையும் வச்சுத்தான் முடிவு பண்ணுவேன்."

எழுதினேன். லொரெடானா வாசித்தாள். "சட்டைப் பட்டன் விட்டுட்டியே."

"அதுவுமா?"

"அதுவும்தான். தினமும் நீதானே போட்டு விடற."

சேர்த்தேன்.

இந்த நாட்டில் மருந்துக்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போடலாம்; எங்கள் ஊரில் அதற்கு மருந்துக்கடை டுய்லியோதான். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எனக்கு முன்வரிசையில் உட்காருகிறவன். பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போகலாம் என்று நெடுஞ்சாலைவரை வண்டியை ஓட்டினேன். அங்கே சிறிது நேரம் எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தேன். அந்த ஊரிலும் எங்களைத் தெரிந்தவர்கள் உண்டு. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் முன்னால் கையெழுத்துப் போட்டேன். டுய்லியோ நல்லவன். எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, தான் கையெழுத்திட வேண்டிய இடத்தை மட்டும் தேடினான்.

"கைய எடு. படிச்சுட்டுப் போடு," என்றேன்.

"வேணாம் எத்தோரே, சாட்சி படிக்கணும்னு சட்டம் இல்ல."

"நான் சொல்றேன், படி."

எனக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அவன் கடைசி வரிவரை மெதுவாகப் படித்தான். நான் திரும்பிப் பார்க்காமல் முதுகை நிமிர்த்தி நின்றேன்.