தொண்ணூற்றேழு டிகிரி

ஏழாவது நிமிடத்தில் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தது. குற்றாலத்தில் சீசன். நாலு நாளாக விடாத சாரலில் கொடியில் போட்ட சட்டைகள் காயாமல் வாடை அடித்தன. ஊரே குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இந்தப் பெட்டிக்குள் மட்டும் தொண்ணூற்றேழு டிகிரி கொதித்தது.

கான்ஸ்டபிள் சுடலைராஜ் உதிரி பாகங்களாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடியோ பார்த்துத் தன் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டர் அது. கடையிலேயே பூட்டித் தருகிறோம் என்றதற்கு, துப்பாக்கியைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு இதென்ன பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். சந்தனம், குங்குமம்கூட வைத்தாயிற்று. அதற்கு மேல் அது என்ன மரியாதை எதிர்பார்க்கிறது என்று தெரியவில்லை.

"பதினோரு மணிக்கு டெஸ்ட்டுங்க. ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடணும்" என்றாள் அவன் மனைவி ஆனந்தவள்ளி.

மணி பத்தேகால். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கான டெஸ்ட் அது. தேறாவிட்டால் அவள் சென்னைக்குப் போகவேண்டும். அங்கே ஒரு வேலை தயாராக இருக்கிறது. அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல்தான் கம்ப்யூட்டர் பூட்டினான்.

பெட்டியின் பக்கத்தைத் திறந்து எதிரே மேசை விசிறியை வைத்தான். ஒன்பது நிமிடம் ஓடி, மறுபடியும் அணைந்தது. வேறு வழியில்லாமல், பாகங்களை விற்ற கடையநல்லூர் ஜுஹைனாவுக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, பிராசசர் மேல உக்காருதே கூலர், அதுக்கு அடியில மெல்லிசா பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உரிச்சீங்கள்லா?"

"அந்தத் தாள உரிக்காமலா மாட்டுவேன்?" என்றான் சுடலைராஜ். பக்கத்தில் ஆனந்தவள்ளி நின்றிருந்தாள்.

உண்மையில் உரிக்கவில்லை. இந்த வீட்டில் புதுப்பொருள் எதையும் உரிக்கிற வழக்கமில்லை. டிவி ரிமோட், பைக் சீட்டு எல்லாம் மூன்று வருடமாக உறைக்குள்தான் வாழ்ந்தன. பிரிட்ஜ் கதவுத் தாளை ஒரு மூலையில் கிள்ளியதற்காக மனைவியோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் அவன். கூலரின் அடிப்பாகம் கண்ணாடி மாதிரி மின்னியது, கீறல் விழுந்தால் பாவம் என்று அப்படியே மாட்டிவிட்டான்.

"ஏட்டி, ஒரு டீ போடேன்."

அவள் அடுக்களைக்குப் போனதும் கூலரைக் கழற்றினான். சூட்டைக் கடத்தத் தடவும் பசை அப்பிய தாள் சூடாக இருந்தது. மாட்டுவதற்கு முன் இதை அகற்றவும் என்று சிவப்பில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. தினமும் அருவிக்கரையில், சோப்பு போடக்கூடாது என்ற பலகைக்குக் கீழேயே சோப்பு போடுகிறவர்களிடம் 'போர்டுல எழுதியிருக்குல்லா, கண்ணு தெரியலயா?' என்று விசிலடிப்பது அவன் வேலை. தாளைச் சுருட்டி பேண்ட் பையில் திணித்துக்கொண்டு, மிச்சமிருந்த பசையைத் தடவிக் கூலரைப் பூட்டினான்.

நாற்பத்தொரு டிகிரி. பத்து நிமிடம் கழித்தும் நாற்பத்தொன்றே.

"என்ன ஆச்சுங்க?" என்று டீயோடு வந்தாள்.

"ஒரு ஸ்குரு லூசா இருந்துச்சு."

"எந்த ஸ்குரு?"

அவன் டீயைக் குடித்தான். சுட்டது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். ஆனந்தவள்ளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மானிட்டரின் மேல் ஒட்டியிருந்த தாளுக்கு அடியில் எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தன. அவள் மூலையில் நகத்தைக் கொடுத்து, அவனைப் பார்த்தாள்.

"ஏட்டி..." என்று ஆரம்பித்தவன், கை பேண்ட் பைமேல் பட்டதும் நிறுத்தினான். பசை துணியைத் தாண்டிப் பிசுபிசுத்தது.

கர்ரென்று ஒரே இழுப்பில் தாள் முழுவதும் உரிந்து வந்தது. அதை அவனிடம் நீட்டினாள்.

"இதையும் பையில வச்சுக்கோங்க."

திரையில் நேரம் ஓடத் தொடங்கியது. சாரல் ஜன்னலைத் தாண்டி வந்து அடித்துக்கொண்டிருந்தது. சுடலைராஜ் அந்தப் பெரிய தாளை இரண்டு கையிலும் பிடித்தபடி, மடித்தால் சத்தம் கேட்கும் என்று அசையாமல் நின்றான்.