பதினேழு பெட்டிகள்

என் நாத்தனார் வீட்டில் எதுவுமே கிடையாது. கூடத்தில் ஒரு சோபா, ஒரு செடி, நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். அந்தச் செடிக்குக்கூட மூன்று இலைதான். நாலாவது துளிர்த்தால் கிள்ளிவிடுவார் என்று நினைக்கிறேன். இந்த வீட்டைக் காட்டித்தான் அவர் யூடியூபில் பெரிய ஆள் ஆனார். வேண்டாததைத் தூக்கிப் போடுங்கள், மனசு லேசாகும் என்று சிரித்த முகமாகச் சொல்வார். லட்சம் பேர் பார்க்கிறார்கள். 'காலியக்கா' என்று செல்லப் பெயர் வேறு.

அந்த வீடு காலியாக இருப்பது என் வீடு நிரம்பிக் கிடப்பதால்தான். இது மட்டும் லட்சம் பேருக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. உள்ளே ஒரே அளவில் பதினேழு அட்டைப் பெட்டிகள். கட்டியதும் ஏற்றியதும் கூலியாட்கள். நான் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனாருக்குத் தூசி ஆகாது, அன்றைக்கு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. போனில் மட்டும் சொன்னார்: "ரெண்டே மாசம் உங்க வீட்டுல இருக்கட்டும்மா. அப்புறம் நானே எடுத்துக்கறேன்."

என் கணவர் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். அக்கா விஷயத்தில் அந்த வாயும் கிடையாது. "அக்காதானே" என்றார். பெட்டிகள் பின்னறைக்குள் போயின. பின்னறையில் இருந்த என் தையல் மெஷின் அடுப்படிக்கு வந்தது.

பள்ளிச் சீருடை தைப்பது என் தொழில். அடுப்புக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து வெள்ளைச் சட்டை தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். போன வருஷம் எண்ணெய்க் கறை பட்டு எட்டுச் சட்டைகள் திரும்பி வந்தன. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த அறை வேண்டும். வேறொன்றும் வேண்டாம். முதல் வருஷம் மாசம் தவறாமல் அண்ணியைக் கேட்டேன். "அடுத்த மாசம்மா" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கே வாய் வலித்து விட்டுவிட்டேன். கொடுத்தவர் மறந்தே போனார். எண்ணிக்கை என்னவோ எனக்குத்தான் மறக்கவில்லை.

போன மாதம் அவரே போன் செய்தார். "அடுத்த வீடியோவுக்கு ஒரு குப்பை வீடு வேணும்மா. உங்க பின்னறைக்குள்ள கால் வைக்க முடியலன்னு தம்பி சொன்னானே, அது சரியா இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை விட்டெறிந்திருப்பேன். ஆனால் நேரில் பார்த்தாலாவது ஞாபகம் வரும், எடுத்துக்கொண்டு போவார் என்று ஒரு நப்பாசை. சரி என்றேன்.

வெள்ளை உடையில், கேமராக்காரரோடு வந்து இறங்கினார். பழைய சாமான் எடுக்கிறவரின் வண்டியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கேமரா முன்னால் நிறுத்தி, "இவங்க ரொம்ப சாதாரணமான குடும்பப் பொண்ணு. இந்த வீட்டைப் பாத்து யாரும் சிரிக்காதீங்க, பாவம்" என்று ஆரம்பித்தார். எனக்குக் காது மடல் வரை எரிந்தது.

பின்னறைக் கதவைத் திறந்ததும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். "அடேயப்பா! எதுக்குத்தான் இப்படிச் சேத்து வைக்கறாங்களோ!"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அண்ணி, ஒரு தடவை திறந்து பாத்துடலாமே" என்றேன்.

"திறக்கவே கூடாது. திறந்தா மனசு இளகிடும்."

"ஒரே ஒரு பெட்டியாவது..."

அவர் கேமராவின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? இதுதான் வியாதி."

"அண்ணி, இதெல்லாம் யாரோட சாமான்னு ஞாபகம் இருக்கா?"

"யாரோடதா இருந்தா என்னம்மா? ஒரு வருஷம் தொடாத பொருள் யாருக்கும் சொந்தமில்ல!"

மூன்று தடவை கேட்டாயிற்று. நான் வாயை மூடிக்கொண்டேன். முதல் பெட்டியை அவரே தன் கையால் தூக்கி வண்டியில் வைத்தார். பதினாறு பெட்டிகள் ஏறின. "இப்ப மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ரொம்ப லேசா இருக்கு அண்ணி" என்றேன். அந்த வீடியோவிலேயே அது ஒன்றுதான் உண்மை.

மறுநாளே மெஷின் பின்னறைக்குப் போய்விட்டது. பத்து நாள் கழித்துக் கேமரா இல்லாமல் அண்ணி வந்து நின்றார்.

"எங்க கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகுதும்மா. ஆல்பத்துலேருந்து ஒரு போட்டோ போடணும். என் பெட்டியெல்லாம் எங்க வெச்சிருக்க?"

கேட்டுக்கொண்டே அவர் பின்னறையை எட்டிப் பார்த்தார். மெஷின், கொடியில் தொங்கும் வெள்ளைச் சட்டைகள், மற்றபடி வெறும் தரை. முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"அய்யய்யோ! அது என்னோடதா? ஏம்மா சொல்லல?"

"மூணு தடவை கேட்டேன் அண்ணி. வீடியோல இருக்கு. ஒன்பதாவது நிமிஷம்."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். போலீஸிலும் சொல்ல முடியாது, பார்க்கிறவர்களிடமும் சொல்ல முடியாது. தன்னிடம் ஒன்றுமே இல்லை என்பதை வைத்துத்தானே அவர் பிழைப்பு ஓடுகிறது! எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

அடுப்படிப் பரணில் இருந்து பதினேழாவது பெட்டியை இறக்கினேன். அன்று வண்டியில் ஏற்றும்போது அதன் கிழிந்த மூலை வழியாக ஆல்பம் தெரிந்தது. பக்கத்தில் அவர் மகன் குழந்தையில் போட்ட குட்டிச் செருப்பு. அதை மட்டும் விட மனசு கேட்கவில்லை, யாரும் பார்க்காமல் அடுப்படிக்குத் தள்ளியிருந்தேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீ நல்லா இருக்கணும்மா" என்றார். ஆல்பத்தைப் பிரித்து ஒரு படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இது மட்டும் அந்த மூலையில இருக்கட்டுமே. எங்க வீட்டுல எங்க வெச்சாலும் கேமராவுல தெரியும்."

பெட்டியை அவரிடமிருந்து வாங்கினேன். அவர் முகம் மலர்ந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் அவர் காரின் பின் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

"ரெண்டே மாசம் உங்க வீட்டுல இருக்கட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போனேன்.