ஆளில்லாத பிரம்புக்காடு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மகாகம் ஆற்றங்கரைக் காப்பிக் கடையில். நில அளவையாளன் சுகெங் சட்டையைத் தூக்கி முதுகுக் கீறல்களைக் காட்டினான். கரடி என்று நினைத்துப் பதறினேன். பிரம்பு என்றான்.

2

"பச்சைக் கடலாய் விரிந்த கானகத்தில்..."

(இப்படித் தொடங்கி அடித்துவிட்டேன். இங்கே யாருக்கும் காடு கடலாகத் தெரிவதில்லை; பிழைப்பாகத்தான் தெரியும்.)

எண்ணெய்ப்பனைக் கம்பெனிக்காக அளக்க வந்த சுகெங், வரைபடத்தில் 'ஆளில்லாக் காடு' என்று தானே குறித்த இடத்துக்குள் நுழைந்து பிரம்பின் கொக்கி முள்ளில் மாட்டிக்கொண்டான். திமிறத் திமிற இறுகியது.

[இடையில் கொஞ்சம் வரலாறு, பொறுத்துக்கொள்ளுங்கள். நெல் அறுத்த நிலத்தில் இந்தப் பக்கத்துப் பழங்குடிகளான பெனுவாக் மக்கள் பிரம்பு நடுவார்கள். சுற்றிலும் மரம் வளர்ந்து மூடிவிடும். வெட்டிய பிரம்பு படகில் சமாரிண்டா துறைமுகம் போய், கப்பலேறி, எங்கோ ஒரு துரைக்கு நாற்காலியாகும். பிறகு அரசு பச்சைப் பிரம்பு ஏற்றுமதியைத் தடுத்தது. விலை விழுந்தது, வெட்டுவது குறைந்தது, தோட்டம் காடு மாதிரியே ஆனது. கம்பெனிக்கு அந்த 'மாதிரி' போதும்.]

3

கூச்சல் கேட்டு வந்தவள் ருவாய், அந்தப் பிரம்புத் தோட்டத்துக்குச் சொந்தக்காரி. கையில் வெட்டுக்கத்தி. (சாந்தமானவளாக எழுதத்தான் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

"யாரு சார் அது, ஆளில்லாத காட்டுல?"

"அக்கா, கொஞ்சம் வெட்டி விடுங்கக்கா!"

"ஐயையோ, அடுத்தவங்க பிரம்புல நான் எப்படிக் கை வைக்கிறது? யாரோடதுன்னு சொல்லுங்க."

"உங்களுதுதான்!"

"எம்பேரு ருவாய். பேரையும் சேத்துச் சொல்லுங்க. சத்தமா. ஓடைக்கு அந்தாண்ட எங்க நாத்தனார் நிக்கிறா, காது மந்தம்."

"ருவாய் அக்கா தோட்டம்!"

வெட்டிவிட்டாள். சட்டையில் பாதி முள்ளோடு தங்கிவிட்டது.

4

மறுநாள் ஊர்க்கூட்டம். கம்பெனி மேலாளர் வரைபடத்தை விரித்து, ஆளில்லாக் காடு என்றார்.

"அப்படின்னா நேத்து வந்த சார் இன்னொரு வாட்டி உள்ள போய் அளந்துட்டு வரட்டும்," என்றாள் ருவாய்.

ஊர் சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. "சுகெங், நீதானே அளந்த? யாரோட நிலம்?"

சுகெங் எழுந்தான்.

காப்பிக் கடையில் இதுவரை விலாவாரியாகச் சொன்னவன், இதற்கு மேல் கேட்டதும் காப்பியைக் குடிக்க ஆரம்பித்தான். ஆறிப்போன காப்பி. ஊதி ஊதிக் குடித்தான்.

நானே எழுதிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லவைத்தேன்: வேலை போய், தியாகியாகி, படிக்கச் சகிக்காதவனாகிவிட்டான். பொய் சொல்லவைத்தேன்: வில்லனுக்கு அந்த முகம் பொருந்தவில்லை. இருமவைத்தேன்: ஒரு கூட்டத்தில் ஒருவன் எவ்வளவு நேரம்தான்...

நீங்கள் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடி நிற்கிறான். ருவாய் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.