பாந்தேலி திருப்பிப் போட்ட உருளைக்கிழங்கு

என் வீட்டுக்காரர் பாந்தேலி இந்த உலகத்தில் கடைசியாகச் சொன்ன வார்த்தை, "உருளைக்கிழங்கு வேகலை." நான் அவருக்குச் சொன்ன கடைசி வார்த்தை, "அப்படின்னா நீயே சமைச்சுக்கோ." சொல்லிவிட்டு விருட்டென்று கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் தலை மேஜைமேல் சாய்ந்திருந்தது. முள்கரண்டி இன்னும் கையில் இருந்தது.

ஆகஸ்ட் மாதம் அது. மனுஷன் போகிற போக்கில் என் சமையலையா குறை சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது.

அது ஒன்றும் பெரிய சமையல் இல்லை. ஜியு ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் அதைச் சமையல் என்றே யாரும் சொல்லமாட்டார்கள். கோழியைத் துண்டு போட்டு, உருளைக்கிழங்கை நறுக்கி, கொஞ்சம் பன்றிக் கொழுப்பு, பூண்டு, உப்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசறி, ஒரே தட்டில் பரப்பி ஓவனுக்குள் தள்ளிவிட்டால் முடிந்தது. ஆட்டைக் கொட்டிலில் அடைத்துவிட்டு வருவதற்குள் வெந்திருக்கும். நடுவில் ஒரு தடவை கிழங்கைத் திருப்பிப் போட வேண்டும் என்பது அவர் கட்சி. அதெல்லாம் வேலையற்றவர்கள் செய்வது என்பது என் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை.

அவர் போனபிறகு முதல் தடவையாக ஒரு சனிக்கிழமை அரைக் கோழி வாங்கி ஓவனில் வைத்தேன். எனக்கு ரத்த அழுத்தம், அதனால் உப்பைக் குறைத்தேன். பூண்டு போடவே இல்லை. மணம் வந்ததும் ஓவனைத் திறந்தால், கிழங்கு ஒவ்வொன்றும் சிவந்த பக்கம் மேலே தெரியத் திரும்பிக் கிடந்தது. நசுக்கிய பூண்டு கொழுப்பில் பொரிந்துகொண்டிருந்தது. உப்பும் சரியாக இருந்தது. நானே செய்துவிட்டு மறந்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஓவன் கதவைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ஒரு முக்காலியைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன். எங்கள் அடுப்பு பழசு, கதவில் கண்ணாடி கிடையாது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து கரக், கரக் என்று கரண்டி தட்டைச் சுரண்டும் சத்தம் வந்தது. அவசரமில்லாத சத்தம். கிழங்கு உடையாமல் திருப்புகிறவர் கை அப்படித்தான் போகும். சத்தம் நின்றதும் கம்பியை அவிழ்த்தேன். எல்லாம் திரும்பியிருந்தது.

ஓடிப்போய்ப் பாதிரியாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அவ்வளவு ருசி. அதுதான் கொடுமை.

அப்புறம் சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். தலைவாரி நல்ல சட்டை போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன். மற்ற நாளில் எதைத் தின்றாலும் மண்ணாக இருந்தது. ரொட்டி தொண்டையில் இறங்காது. பாவாடையை ஊக்கு குத்தி நிறுத்தவேண்டி வந்தது.

பக்கத்து வீட்டு தொம்னிகா வேலிக்கு அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்தாள். வாய் நீளம், ஆனால் மனசு தங்கம்.

"என்னக்கா இப்படி வத்திப் போயிட்டே? காத்தடிச்சா உன்னை எந்த ஊர்ல போய்த் தேடறது?"

"உன்னை மாதிரி பீப்பாயா உருளச் சொல்றியா?"

"உருண்டாலும் உயிரோட உருளறேன். என்னன்னு சொல்லு."

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டியா அதை?"

"பின்னே, நாய்க்கா போடுவாங்க?"

"அக்கா, மாமா உனக்குச் சமைச்சுப் போடலை. செத்தவங்களோட அங்கே சாப்பிட உன்னைப் பழக்கறார்."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாப்பதாம் நாள் அவர் பேர்ல என்னென்ன குடுத்தே?" என்று கேட்டாள்.

"ரொட்டி, ஒயின், முட்டைக்கோஸ் உருண்டை, புதுச் சட்டை, வாளியும் குவளையும்."

"கோழியும் கிழங்கும்?"

"குடுக்கலை."

"ஏன்?"

"கோவம்டி. என்ன செய்யச் சொல்றே?"

எங்கள் பக்கத்தில் செத்தவர் பேரைச் சொல்லி அடுத்தவருக்குக் கொடுப்பது எதுவோ அதுதான் அவருக்கு அங்கே போய்ச் சேரும், பாத்திரத்தோடு. கொடுக்காமல் விட்டதைத் தேடி அவரே வருவார்.

"வர்ற சனிக்கிழமை பெரியவங்க நாள், செத்தவங்க பேர்ல குடுக்கற நாள்," என்றாள் தொம்னிகா. "மெழுகுவர்த்தி ஏத்தி, தட்டோட வேலிக்கு மேல நீட்டு. நான் வாங்கிக்கிட்டு 'கடவுள் மன்னிக்கட்டும்'னு சொன்னதும் அது அவரோடது. அப்புறம் உன் வீட்டுல அவருக்கு வேலை இல்லை. ஆனா ஒண்ணு. தட்டு கை மாறும்போது பேரைத் தவிர வேற ஒண்ணும் பேசாதே. அப்ப சொல்ற வார்த்தை அப்படியே நிக்கும். உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியும்."

போகட்டும் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் அவரை அனுப்ப எனக்கு மனசில்லை. அந்த வாரம்தான் டூரினிலிருந்து என் மகள் லாவினியா போன் பண்ணினாள். கல்யாணமாகிக் குழந்தைக்காக ரொம்ப நாள் ஏங்கியவள்.

"அம்மா, வசந்தத்துல உனக்குப் பேரப்பிள்ளை வரப்போகுது. அழாதே. அழறியா?"

"வெங்காயம் நறுக்கறேன்," என்றேன்.

போனை வைத்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போன ஒருத்தி நின்றாள். அந்தக் குழந்தை வரும்வரை இவள் தாங்கமாட்டாள் என்று தெரிந்தது. எனக்கு உயிரோடு இருக்க ஆசை வந்தது, வெட்கமில்லாத ஆசை.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் தட்டை ஓவனில் வைத்தேன். இந்தத் தடவை முழுக் கோழி. மெழுகுவர்த்தி எடுக்க அடுத்த அறைக்குப் போய் வந்தேன். அவ்வளவுதான் நேரம். ஓவன் கதவு திறந்திருந்தது. தட்டு மேஜை நடுவில் ஆவி பறக்க இருந்தது. இரண்டு பேருக்குப் பீங்கான் தட்டு வைத்திருந்தது; என் நாற்காலி நான் உட்கார வசதியாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. அவர் இருந்த காலத்தில் ஒருநாள்கூட எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டதில்லை.

எதிர் நாற்காலி யாரோ சாய்ந்ததுபோல் முனகியது.

"யோவ்," என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

பூண்டு வாசம் மட்டும் வா, உட்கார் என்று இழுத்தது. வாயில் எச்சில் ஊறியது. உட்காரக் குனிந்தேவிட்டேன். லாவினியாவின் குரல் நினைவுக்கு வந்தது. துணியைச் சுற்றித் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

வேலியருகே தொம்னிகா கை நீட்டிக்கொண்டு நின்றாள். மெழுகுவர்த்தியை ஏற்றித் தட்டின் விளிம்பில் ஒட்டினேன். "பாந்தேலி பேருல," என்று நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா."

"விட்டுட்டேன்டி."

"எங்க விட்டே? இந்த இழு இழுக்கறே?"

என் இரண்டு கையையும் தூக்கி அவளுக்குக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. தட்டு அவள் பக்கம் வரவில்லை. வேலிக்கு மேல், என் பக்கமாக, யாரோ பிடித்திருப்பதுபோல் நின்றது. காற்றே இல்லை, ஆனால் சுடர் என் வீட்டைப் பார்த்துப் படுத்திருந்தது.

தொம்னிகா பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், பேசாதே, பேசாதே என்று. என்னால் முடியவில்லை. அவ்வளவு வருஷம் ஒன்றாக இருந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி அனுப்புவது?

"யோவ் பாந்தேலி, கேளு. லாவினியா முழுகாம இருக்கா. ஆமாய்யா, நம்ம லாவினியாதான். நீ போனப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தக் குழந்தையை ஒரு தடவை கையில வாங்கிக்கறேன். வாங்கிட்டு நேரா உன்கிட்ட வந்துடறேன். அதுவரைக்கும் இதை வச்சுக்கிட்டு இரு. நல்லாத்தான்யா சமைக்கறே. என்னைவிட நல்லா சமைக்கறே."

தட்டு விடுபட்டது. தொம்னிகா பொத்தென்று பின்னால் உட்கார்ந்தாள். ஒரு கிழங்குகூடச் சிந்தவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, பழக்க தோஷம், "கடவுள் மன்னிக்கட்டும்," என்றாள். சொன்னபிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாவி! என்னக்கா சொல்லித் தொலைச்சே?"

அதற்குப்பின் என் வீட்டில் யாரும் எதையும் திருப்பிப் போடவில்லை. ரொட்டி ரொட்டியாக ருசித்தது. பாவாடை இடுப்பில் நின்றது. கிறிஸ்துமஸுக்குப் பன்றி அடித்தோம், சாப்பிட்டேன். தொம்னிகா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பேச்சுப் பேசினாள். மார்ச்சில் பேத்தி பிறந்தாள். ஈஸ்டர் முடிந்து அவளைத் தூக்கிக்கொண்டு லாவினியா வந்து இறங்கினாள்.

நான் குழந்தையைத் தூக்கவில்லை. வந்த அன்று கை ஈரம் என்றேன். அடுத்த நாள் மூட்டு வலி என்றேன். பிறகு சளி பிடித்திருக்கிறது என்று தள்ளி நின்றேன். தொட்டிலுக்குமேல் குனிந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த உச்சந்தலையை மோந்து பார்ப்பேன். பால் வாசம் அடிக்கும்.

நேற்று லாவினியா சண்டைக்கே வந்துவிட்டாள்.

"உனக்கு இவளைப் பிடிக்கலை, அப்படித்தானே? நேராச் சொல்லிடும்மா."

"பைத்தியமே, என்ன பேச்சு இது?"

"அப்பா இருந்திருந்தா இவளைக் கீழே விட்டிருக்கமாட்டார். உனக்குக் கல் மனசு."

நான் என்னத்தைச் சொல்ல? வாங்கியதும் வந்துவிடுவதாக வேலியோரம் நின்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றா? அவள் அழுதுகொண்டே பெட்டி அடுக்கினாள். இன்றைக்கு மத்தியானம் அவர்களுக்குப் பஸ்.

காலையில் குழந்தை விழித்துக்கொண்டு கத்தியது. லாவினியா பால் சூடு பண்ணிக்கொண்டு, தோளில் அவளைப் போட்டுத் தட்டினாள். குழந்தையின் அழுகை நிற்கவில்லை. சின்னக் கையை என் பக்கம் நீட்டி நீட்டி மடக்கினாள். தூக்காமல் இன்னும் இருபது வருஷம் இருந்தால் மட்டும் என்ன? யாரைத் தேடி நான் உயிரோடு இருக்க ஆசைப்பட்டேன்? இவளைத்தானே?

ஆட்டைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்துத் தொம்னிகாவிடம் கொண்டுபோய் விட்டேன். அவள் கயிற்றை வாங்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்துக்கொண்டேன்.

"கொடுடி அவளை," என்றேன்.