பத்தடிக் கூண்டு

டாக்டர் சங்கவி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் மூன்று எண்கள்தான் இருந்தன. நீளம் ஐந்தரை அடி. அகலம் இரண்டே கால். உயரம் நாலரை. எங்கள் ஊர் பால் சொசைட்டியிலிருந்து திண்டிவனத்து வெல்டிங் பட்டறைவரை இந்த மூன்றையும் வழியில் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

கூண்டு தேவைப்பட்டதற்குக் காரணம் என்னுடைய செவலைப் பசு. அவளுக்குச் சினை ஊசி போட வந்த டாக்டரின் உதவியாளர் சவுரிராயனை உதைத்துவிட்டாள். எங்கள் ஊரில் எப்போதும் செய்வதுபோல மாட்டைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தோம். நான் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தேன், என் வீட்டுக்காரர் கோபி வாலைப் பிடித்திருந்தார். சவுரிராயன் பின்னால் போய் நின்றதுதான் தெரியும். அடுத்த நொடி அவர் எருக்குழி ஓரத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முட்டியில் விரிசல்.

மறுநாள் டாக்டர் வந்தார். தென்னை மரம்தான் குற்றவாளி என்பதுபோல அதைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "இரும்புக் கூண்டு வெச்சாதான் இனிமே இந்த ஊர்ல ஊசி. இல்லன்னா கிளியனூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு வாங்க." பெரிய ரோட்டில் நாலு கிலோமீட்டர், லாரிகளுக்கு நடுவே, செவலையை ஓட்டிக்கொண்டு போவது நடக்கிற காரியமில்லை.

அன்று சாயங்காலம் கோபி கறாராகச் சொல்லிவிட்டார். "ரெண்டு பருவம் தப்பிப்போச்சி. அடுத்த தபா ஊசி போட முடியலன்னா விக்கிரவாண்டி யாவாரி வந்து ஓட்டிக்கினு போவட்டும்."

"அவன் எங்க ஓட்டுவான்னு தெரியுமில்ல."

"தெரியும். நாளைக்கு உன் மண்டைல ஒதைச்சா நான் யாராண்ட போய் நிப்பேன், அதைச் சொல்லு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. செவலை பிறந்தபோது அவளைத் துடைத்து எழுப்பி நிற்க வைத்தவள் நான். ஆனால் அதையெல்லாம் முட்டி உடைந்த ஒரு மனிதருக்கு எதிரே வைத்துப் பேச முடியாது. அடுத்த பருவத்துக்கு இருபத்தொரு நாள் இருந்தது. அதற்குள் கூண்டு நின்றாக வேண்டும்.

சொசைட்டியில் நான்தான் செயலாளர். கூட்டம் போட்டேன். தீர்மானம் பத்தே நிமிடத்தில் நிறைவேறியது. அவ்வளவு சுலபமாக நடந்ததிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். தலைவர் சக்கரபாணி மாமா சீட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அஞ்சரை இன்னா அளவு? அர அடி வெச்சி எவனாச்சும் ஒண்ணு கட்டுவானா?"

"மாட்டோட நீளம் மாமா அது."

"சரி சரி. பட்டறைல போய்ப் பேசிக்கலாம்."

பேச வேண்டியது எதுவும் இல்லை, காட்டவேண்டியது மட்டும்தான் என்று நான் சொன்னது திண்டிவனம் போகும் பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

பட்டறைக்காரன் ஆண்டோ இளவயசுக்காரன். காதில் பென்சில், முன்கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. சீட்டைப் படித்ததும் தலையாட்டிவிட்டுப் பைப்பை அளக்கப் போனான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி, சக்கரபாணி மாமா சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பும்வரை நீடித்தது. அங்கே மனையடி சாஸ்திரம் அச்சடித்திருந்தது.

"ஆறு, நன்மை. ஏழு, தரித்திரம், அது வாணாம். எட்டு..." அவர் விரல் கட்டம் கட்டமாக இறங்கிப் பத்தில் நின்றது. "எம்மா புனிதா, இங்க வா. இன்னா போட்டிருக்குதுன்னு நீயே படி."

படித்தேன். பத்தடி வைத்தால் ஆடு மாடு பெருகும் என்று போட்டிருந்தது.

"நான் சொல்லல, அதுவே சொல்லுது" என்றார்.

"மாமா, இது வீட்டு ரூமுக்குப் போட்டிருக்கறது."

"ரூமுல எவனாச்சும் மாடு கட்டுவானா? நம்ம கூண்டுக்குன்னே எழுதி வெச்சிருக்கான்."

நான் ஆண்டோவைப் பார்த்தேன். அவன் சங்கடமாகச் சிரித்தான். "அக்கா, நான் வேதக்காரன், எனக்கு அதெல்லாம் கிடையாது. கேட்டு, ஷெட்டுன்னு வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்கன்னு மாட்டி வெச்சிருக்கேன்."

"அப்போ நீ சொல்லு, அஞ்சரை போதும்னு."

அவன் பைப்பைத் தட்டினான். "பைப்பு இருபது அடிக்கா. பத்துன்னா ரெண்டா அறுத்தா முடிஞ்சிபோச்சி, துண்டே விழாது. அஞ்சரைன்னா மிச்சத்தை நான் இன்னா பண்றது?"

டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பத்தடியா? ரயில் பெட்டி கட்டறீங்களா?" என்றார். "முன்னாடி தலையைக் கட்டிட்டா மாட்டுக்குப் பின்னால நாலடிக்கு மேல சும்மா கிடக்கும். மாட்டுக்குப் பின்னால குறுக்கே தள்ளற பின்கட்டை அந்தக் கோடில இருக்கும். அப்புறம் நான் கூண்டுக்குள்ள நுழைஞ்சி நின்னுதான் ஊசி போடணும். தென்னை மரத்துல ஒதை வாங்கினா ஓடவாவது முடியும். சார், தயவுசெஞ்சி அளவை மாத்தாதீங்க."

சக்கரபாணி மாமா மரியாதையாகக் கேட்டார். போனை வைத்ததும், "டாக்டரம்மா மாட்டுக்குப் படிச்சவங்க, மனைக்குப் படிக்கல" என்றார்.

அகலத்தையாவது காப்பாற்ற வேண்டியிருந்தது. அவர் காலண்டரில் இரண்டே காலைத் தேடினார். அட்டவணை ஆறிலிருந்துதான் ஆரம்பித்தது. அதை அச்சடித்தவர் யாரோ, அவருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

"ஒண்ணும் போடலியே. அப்போ மூணரை வெச்சிக்கலாம். வளர்ற மாடுங்களும் வருமில்ல."

"பள்ளிக்கூட யூனிபார்மா மாமா இது, பெருசா தெச்சி மடிச்சி விட? அகலம் இருந்தா மாடு உள்ளேயே திரும்பிக்கும். வாலுக்குப் பின்னால நிக்கறேன்னு நெனச்சிக்கினு கொம்புக்கு முன்னால நிப்போம்."

இதற்கு மட்டும் ஆண்டோ என் பக்கம் நின்றான். அவன் மாமனார் வீட்டில் ஒரு மாடு அப்படித் திரும்பி, கம்பிக்கு நடுவே கழுத்து மாட்டிக்கொண்டு, கட்டிங் மெஷின் வைத்து எடுத்தார்களாம். இரண்டே கால் அடி பிழைத்தது.

வீடு திரும்பும்போது நாட்களை எண்ணினேன். பத்து போயிருந்தது. பதினாறாவது நாள் கூண்டு வந்தது. சொசைட்டிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் அதை நட்டுத் தரை போட்டார்கள். மேஸ்திரி, என் கெட்ட நேரம், தொழிலில் அக்கறை உள்ளவர். சிமெண்டைக் கண்ணாடிபோல இழைத்து வைத்திருந்தார். சாணியும் மூத்திரமும் விழுந்தால் மாடு அதில் சறுக்கிக் காலை முறித்துக்கொள்ளும். ஈரம் காய்வதற்குள் தென்னந்துடைப்பத்தால் தரை முழுக்க வரி வரியாகக் கீறினேன். மேஸ்திரி எழுந்து நின்று பார்த்தார். "மார்கழி கூட இல்லியேம்மா" என்று மட்டும் சொன்னார். கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

கூண்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மஞ்சள் பெயிண்டில், காலி வயலைப் பார்த்துக்கொண்டு, தண்டவாளத்திலிருந்து வழிதவறி வந்த ஏதோ ஒன்றுபோல நின்றது.

இருபத்தொன்றாம் நாள் விடியற்காலையில் செவலை பருவத்துக்குக் கத்த ஆரம்பித்தாள். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி. டாக்டர் நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். கோபி வியாபாரியிடம் பேசிவிட்டு வந்து, "நாளைக்குக் காலைல வர்றானாம். இன்னிக்கு ஆனா ஆச்சி" என்றார்.

நாலு மணிக்கு டாக்டர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பின்னால் முட்டிக்கட்டோடு சவுரிராயனும். லீவில் இருந்தவர், பார்க்காமல் இருக்க முடியாது என்று வந்தாராம். அவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். வேலை தொடங்கவில்லை. சக்கரபாணி மாமா பூசைக்கு நாலே முக்காலுக்கு நல்ல நேரம் குறித்திருந்தார்.

"மாட்டுக்கு நேரம் போய்க்கினு இருக்குது மாமா."

"முக்கா மணி நேரத்துல இன்னாம்மா ஆயிடப்போவுது."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் சவுரிராயனைப் பார்த்தார். சவுரிராயன் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டார்.

பூசை நடந்தது. முன்கம்பியில் சாமந்தி மாலை, பக்கத்தில் எலுமிச்சம்பழம். முடிவில் பூசணிக்காயைச் சுற்றி, கூண்டின் வாசலிலேயே, மாடு கால் வைத்து ஏற வேண்டிய அதே இடத்தில், போட்டு உடைத்தார்கள். குங்குமம் கலந்த சிவப்பு தரையெல்லாம் தெறித்தது.

செவலை அதைப் பார்த்து நின்றுவிட்டாள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு மூக்கைத் தரைக்கு இறக்கிப் புஸ் என்று விட்டாள். கோபி பின்னால் தள்ளினார். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து கத்தினார்கள். சக்கரபாணி மாமா, "வாலை முறுக்குடா கோபி" என்றார்.

"யாரும் வாலைத் தொடாதீங்க, கத்தாதீங்க" என்றார் டாக்டர். "தரையில அப்படி ரத்தமாட்டம் கெடந்தா நானே கால் வெக்க மாட்டேன்."

தண்ணீர் கொண்டுவர நான் ஓடினேன். ஓடும்போதே எனக்கு அழுகை வந்தது. மூன்று எண்கள். ஒரு துண்டுச் சீட்டு. அதை அப்படியே செய்திருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். நாளைக் காலை லாரியில் ஏறும்போது செவலை என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள், காலண்டரை அல்ல.

குடத்தோடு திரும்பினேன். வாசலில் சிவப்பு பாதிக்குமேல் காணோம். அஞ்சம்மாப் பெரியம்மாவின் கறுப்பி அங்கே நின்று பூசணிக்காயைத் தின்றுகொண்டிருந்தாள். ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், எட்டு கன்று போட்ட அந்தக் கிழப் பசு கூட்டத்துக்குள் புகுந்திருக்கிறாள்.

"யக்கா, பூசைக் காயி அது, ஓட்டு மாட்டை" என்றார் சக்கரபாணி மாமா.

"உங்க பூசை முடிஞ்சிதில்ல? அது பூசையை அது பண்ணட்டும்" என்றாள் பெரியம்மா. அவள் வெற்றிலை மெல்லுவதைக்கூட நிறுத்தவில்லை.

கறுப்பி வாசலை நக்கிச் சுத்தம் செய்தாள். ஒரு துண்டு உள்ளே உருண்டிருந்தது. அதற்காக உள்ளே போனாள். இன்னும் உள்ளே சாமந்தி மாலை தெரிந்தது. அதற்காக முன்கம்பிவரை போய், தலையை வெளியே நீட்டி மாலையை இழுத்தாள். தினமும் காலையில் ஏரிக்கரைக்குக் கறுப்பி முன்னால் போவாள், செவலை அவள் வாலில் மூக்கை வைத்துக்கொண்டு பின்னால் போவாள். இப்போதும் செவலை அதையே செய்தாள். கயிற்றை யாரும் இழுக்கவில்லை.

"யாரும் அசையாதீங்க" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். "கோபி, பின்கட்டை."

கோபி பைப்பைத் தள்ளினார். அது செவலையின் தொடைக்கு ஒரு சாண் பின்னால் போய்ப் பொருந்தியது. முன்னால் கறுப்பி, பின்னால் செவலை, நடுவில் ஈ நுழைய இடம் இல்லை. டாக்டர் கூண்டுக்கு வெளியே நின்றபடியே கையுறையை மாட்டினார். செவலை ஒருமுறை உதைத்தாள். குளம்பு பைப்பில் பட்டு டங்கென்று ஊரெல்லாம் கேட்டது.

"இந்தச் சத்தத்தை நான் முட்டியில கேட்டிருக்கேன்" என்றார் சவுரிராயன்.

ஐந்து நிமிடத்தில் ஊசி முடிந்தது. யாருக்கும் கீறல் இல்லை. நான் குடத்தை இன்னும் இடுப்பிலேயே வைத்திருந்தேன். சக்கரபாணி மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பாத்தியாம்மா. பத்தடி."

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

மறுநாள் வந்த வியாபாரிக்குக் கோபி டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த இருபத்தொன்றாம் நாள் விடியற்காலையில் நான் கொட்டகையில் போய் உட்கார்ந்திருந்தேன். செவலை அசைபோட்டாள். கத்தவில்லை. மூன்றாம் மாதம் டாக்டர் கையை விட்டுப் பார்த்து, சினை என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இப்போது எங்கள் ஊரில் எந்த மாட்டுக்கு ஊசி என்றாலும் முதலில் கறுப்பியைக் கூப்பிட வேண்டும். கூண்டின் முன்பாதியில் அவள் நிற்காவிட்டால் பின்பாதியில் எதுவும் நடக்காது. குறுக்கே ஒரு கட்டை போட்டால் போதும் என்று நான் மூன்று கூட்டங்களில் சொல்லிவிட்டேன். பத்தடியை நடுவில் அறுப்பது குடும்பத்துக்கு ஆகாதாம். அஞ்சம்மாப் பெரியம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு பூசணிக்காய் கேட்கிறாள். மாலை வேறு.

போன வாரம் பக்கத்து ஊர் சொசைட்டிச் செயலாளர் செண்பகம் அளவு கேட்டு வந்தாள். டாக்டருடைய பழைய சீட்டைத் தேடியெடுத்துக் கொடுத்தேன்.

"அஞ்சரைன்னு போட்டிருக்கு" என்றாள். "உங்க தலைவரு பத்துன்னு சொன்னாரே."

"பத்துதான். அதுல நாலரை அடி அஞ்சம்மாப் பெரியம்மா மாடு. அதை அவங்களாண்ட கேட்டு வாங்கிக்கோங்க."

செண்பகம் நோட்டில் அதையும் எழுதிக்கொண்டாள்.