டீசல் போன வழி

மெக்கானிக் முகப்பவுடர் டப்பாவைத் திறந்து எஞ்சின்மேல் தட்டத் தொடங்கியபோது வண்டிக்காரனுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னண்ணே, கல்யாணத்துக்கா கிளப்புறீங்க?"

"பொறு" என்றார் மெக்கானிக். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் முதலில் வரும். அதனால் அந்தத் தெருவில் அவருக்குப் 'பொறு அண்ணன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எஞ்சினைக் கழுவி, காற்றடித்து, துளி ஈரமில்லாமல் காயவைத்திருந்தார். இனி எந்த மூலையில் டீசல் கசிந்தாலும் வெள்ளைப் பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். வண்டிக்காரனுக்கு அதில் அக்கறையே இல்லை. ஒழுக்கு இல்லை என்று மூன்றாம் மனிதர் ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்காகத்தான் வந்திருந்தான்.

வண்டி, ஒரு டீசல் வேன், அவனுடையது. பகலில் அவன் வாடகைக்கு ஓட்டுவான், சாயங்காலத்தில் தங்கை புருஷன் ஓட்டுவான். கொஞ்ச நாளாக ஓடிய தூரத்துக்கும் தீர்ந்த டீசலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கேட்டால் மாப்பிள்ளை, "டிராஃபிக்தான் மச்சான்" என்று காதில் பூ சுற்றினான். வண்டி நின்ற இடத்தில் வண்டிக்காரன் செய்தித்தாள் விரித்துக்கூடப் பார்த்துவிட்டான். ஒரு சொட்டு விழவில்லை. அப்புறம் என்ன, யாரோ இறக்கி விற்கிறார்கள். அந்த யாரோ யார் என்று யோசிக்க வண்டியை மூன்றாவது ஆளா ஓட்டுகிறான்? மனத்துக்குள் வைத்துக்கொண்டு வெந்தது போதும் என்று, நேற்றுத் தங்கையிடம் போனில் போட்டு உடைத்துவிட்டான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முதல்ல வண்டியக் காட்டிப் பாருண்ணா. ஒழுகுதோ என்னமோ. அதுக்குள்ள என் புருஷன் திருடனா?" என்று போனை வைத்துவிட்டாள்.

மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் செய்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே."

"பொறு. இன்னும் சூடே ஏறல."

சூடு ஏறியதும் மெக்கானிக் மெதுவாக ஆக்சிலேட்டரை இழுத்தார். உறுமல் கூடியது. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய் ஒன்றின் கழுத்தில், நட்டுக்குக் கொஞ்சம் கீழே, பவுடர் சாம்பல் நிறத்துக்கு மாறியது. மாறி, கறுத்து, ஈரக் கோடாகக் கீழே இறங்கியது. வண்டிக்காரன் விரலை நீட்டினான். மெக்கானிக் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"கை வைக்காத! இந்தப் பிரஷர்ல அடிக்கிற டீசல் தோலைத் துளைச்சிக்கிட்டு உள்ள போயிடும். அப்புறம் விரல் உனக்கில்ல."

ஒரு அட்டைத்துண்டைத் தள்ளிப் பிடித்தார். புகைபோல வந்த டீசலில் அது நனைந்தது. வண்டியை அணைத்துவிட்டு, எஞ்சினைக் கீழே மூடியிருந்த அடித்தகட்டைக் கழற்றினார். சத்தம் அடங்கத் தகட்டோடு ஒட்டியிருந்த பஞ்சு முழுக்க டீசலில் ஊறிக் கிடந்தது.

"ஓடுறப்போ மட்டும் பீச்சுது. பாதி பஞ்சு குடிக்குது, மீதி காத்துல போகுது. நின்னா நின்னுடும், கீழ எப்படிச் சொட்டும்? குழாயப் பிடிச்சிருக்குற கிளிப் உடைஞ்சு, ஆடி ஆடி விரிசல் விட்டிருக்கு."

"போன டீசல் பூராவும் இதுலயேவா?"

"பூராவும் இதுலதான். நீ சொன்ன கணக்குக்கு இந்த விரிசலே போதும். யாராவது எடுத்திருந்தா இன்னும் அதிகமால்ல குறைஞ்சிருக்கும்?"

வண்டிக்காரனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, சொன்னால் அவனே ஒப்புக்கொள்ள மாட்டான், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. மெக்கானிக் புதுக் குழாயும் புதுக் கிளிப்பும் மாட்டி, கைப்பம்பை அமுக்கிக் குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். பழைய குழாய் வண்டிக்காரன் கையில் இருந்தது. தங்கையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவளே போனில் கூப்பிட்டாள். அழுது ஓய்ந்த குரல்.

"அண்ணா, நீ சொன்னதுதான் சரி. அவர் ஒத்துக்கிட்டார்."

"எத ஒத்துக்கிட்டார்?"

"டீசல் வித்தத. சாயங்காலம் வண்டிய எடுத்துக்கிட்டு எங்க போறீங்க, யாரப் பாக்கப் போறீங்கன்னு பிடிபிடின்னு பிடிச்சேன். முதல்ல வாயே திறக்கல. அப்புறம், டீசல் விக்கத்தான் போறேன்னு சொல்லிட்டார்."

வண்டிக்காரன் குழாயைப் பார்த்தான். மழையில் நனைந்து வந்து நின்றுகொண்டு மழை இல்லை என்று சாதிக்கிற ஆள் மாப்பிள்ளை. செய்த தப்பையே ஒத்துக்கொள்ளாதவன், செய்யாத தப்பை எதற்குத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்?

"உண்மையச் சொல்லவாண்ணா?" தங்கை மூக்கை உறிஞ்சினாள். "நான் வேற என்னென்னமோ நினைச்சுப் பயந்துக்கிட்டு இருந்தேன். வெறும் டீசல்தானே. எனக்கு இப்பத்தான் உயிரே வந்துச்சு. உன்கிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்க அவர் அங்கதான் வர்றார். திட்டிடாத." கொஞ்சம் நிறுத்தினாள். "வண்டியில ஒழுக்கு ஒண்ணும் இல்லதானே?"

அவன் விரிசல் தெரியாதபடி குழாயைத் திருப்பிப் பிடித்தான்.

"பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லி வைத்தான். அவளிடம் அவன் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வந்தான். தலையைத் தொங்கப்போட்டு, குரலைத் தாழ்த்தி, எல்லாம் சரியாகத்தான் செய்தான்.

"புத்தி கெட்டுப்போச்சு மச்சான். பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க."

"யாருக்கு வித்தீங்க மாப்பிள்ளை?"

"ஒரு லாரிக்காரனுக்கு."

குனிந்திருந்த மெக்கானிக் நிமிர்ந்தார். வீட்டு விவகாரம் எதுவும் தெரியாத மனிதர், நல்ல சேதி சொல்கிற உற்சாகத்தில் சிரித்தார்.

"அட, யாரும் ஒண்ணும் விக்கல தம்பி. குழாய் விரிசல். அத்தனை டீசலும் அதுலதான் போயிருக்கு."

வண்டிக்காரன் குழாயை நீட்டினான். வாங்கிய மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. திருடவில்லை என்று நிரூபணமான மனிதனுக்கு முகம் அப்படி வெளுத்து வண்டிக்காரன் பார்த்ததில்லை. எங்கே போகிறாய், யாரைப் பார்க்கிறாய் என்று தங்கை கேட்ட இரண்டு கேள்வியும் இப்போது அவன் நாக்கு நுனியில் வந்து நின்றன. கேட்கப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளைதான் முதலில் பேசினான்.

"இத அவகிட்ட சொல்லிட்டீங்களா மச்சான்?"

மெக்கானிக் வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தார். சத்தத்தில் மாப்பிள்ளை திடுக்கிட்டான், ஆனால் குழாயைக் கீழே வைக்கவில்லை. அவன் கட்டைவிரல் அந்த மயிரிழை விரிசலைத் தேடிப்போய், அதன்மேல் அழுந்தி, நகம் வெளுக்கும்வரை அங்கேயே நின்றது.