இரண்டாவது முட்டை

ஐந்தேகாலுக்கு எழும்புகிறேன். மொக்காவில் கோப்பி வைக்கிறேன். பக்கத்து அடுப்பில் சோறு. சின்னப் பாத்திரத்தில் இரண்டு முட்டை, ஒன்பது நிமிடம். அதற்குள் முகம் வழித்துவிடுகிறேன். முட்டைகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கோது உரிக்கிறேன். சாப்பாட்டுப் பெட்டியில் சோறு, ஒரு கறி, முட்டை, மூடி. ஆறு இருபதுக்குக் கதவைப் பூட்டுகிறேன். பலெர்மோவின் போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரர்கள் அப்போதுதான் ஐஸ் கொட்டிக்கொண்டிருப்பார்கள். பொலித்தியாமா அரங்கைத் தாண்டி நடந்தால் இருபது நிமிடத்தில் சிஞ்ஞோராவின் வீடு. அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. அவரை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, யன்னலோரம் இருத்துவது என் வேலை.

மதியம் ஒரு முட்டையைச் சாப்பிடுகிறேன். மற்றதை எறிகிறேன். ஏறக்குறைய நாலு மாதமாக இப்படித்தான். இரண்டு அவிப்பதை நிறுத்த மறந்துபோகிறேன்.

அந்தச் சாப்பாட்டுப் பெட்டி என் மனைவி அனிற்றாவினுடையது. அவள் பல்கலைக்கழகத்தில், மின்பொறியியல் துறையில், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வுகூடத்தில் நின்றபோது மூளையில் ஓர் இரத்தக்குழாய் வெடித்தது. மின்சாரம் அல்ல. எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். வயது முப்பத்தொன்று.

நகரின் ஓரத்தில், சியாகுல்லியில், மண்டரின் பழத் தோட்டக்காரர் பலர் கிணற்றுப் பம்பைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டுகிறார்கள். தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தைப் பம்புக்கு ஏற்றபடி மாற்றித்தரும் பெட்டி இன்வேர்ட்டர். அது திடீரென்று ஒரு நாள் நின்றுவிடும். நிற்பதற்குச் சில வாரங்கள் முன்பே அதன் இரைச்சல் மாறத் தொடங்கும் என்பது அனிற்றாவின் எண்ணம். மனிதக் காதுக்குப் பிடிபடாத மாற்றம். ஒலிவாங்கி வைத்துப் பதிவுசெய்து கணினியைப் பழக்கினால், அது முன்கூட்டியே சொல்லிவிடும். மூன்று வருடமாக அவள் இரைச்சல் சேகரித்தாள்.

எனக்கும் இது விளங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன் நான். அவள் பலெர்மோவில் வளர்ந்தவள். மன்னாரிலிருந்து வந்த தாயும் தகப்பனும் மற்றவர்களின் வீடு துடைத்து அவளைப் படிப்பித்தார்கள். நான் அவளைக் கட்டி, அவளுடைய தயவில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுத்து வந்தேன். என் பட்டத்தை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. இரவில் அவளிடம் கேட்பேன், இன்றைக்கு ஆய்வுகூடத்தில் என்ன நடந்தது என்று.

"அதே சத்தம்தான்," என்பாள். களைத்துப் போயிருப்பாள். பகல் முழுவதும் கதைத்துவிட்டு வருவாள். கஜானனோடு.

கஜானன் கிளிநொச்சியில் பொறியியல் படித்துப் புலமைப்பரிசிலில் வந்தவன். அவளைவிட நாலு வயது குறைவு. அக்கா என்றுதான் கூப்பிட்டான். அது எனக்கு உதவவில்லை.

மின்சாரம் ஓடும்போது அந்த ஆய்வுகூடத்தில் யாரும் தனியாக நிற்கக்கூடாது. ஒருவர் அளக்க வேண்டும். மற்றவர் சிவப்பு மின் ஆளியில் கை வைத்தபடி நிற்க வேண்டும். ஏதாவது நடந்தால் அவர்தான் மின்சாரத்தை நிறுத்துவார். அளப்பவர் சொல்வதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பதிவு ஓடும்போது இருவரும் பேசக்கூடாது. அனிற்றா அளந்தாள். கஜானன் கை வைத்து நின்றான்.

"ஒவ்வொரு நாளும் அவன்தானோ?" என்று ஒரு முறை கேட்டேன்.

"வேறை ஆர்? நீங்கள் வந்து நிக்கிறீங்களோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நிற்பேன் என்று நான் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கஜானனும் தேவாலயத்துக்கு வந்தான். சைவக்காரன். எழும்புவதா முழந்தாளிடுவதா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரும் கட்லட்டும் கொடுக்கும்போது, அனிற்றாவின் தாய், றோசமலர் மாமி, அவனுடைய கையைப் பிடித்தார்.

"தம்பி, நீர்தானே ஆம்புலன்ஸிலை போனனீர். என்ரை பிள்ளை கடைசியா ஏதும் சொன்னவளோ?"

அவன் கட்லட்டைப் பார்த்தான். "ஓம் அம்மா. 'ஸ்ரீபன்' எண்டு சொன்னவா. அது மட்டும்தான்."

மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு அதைக் கண்ட எல்லாருக்கும் சொன்னார். மன்னாருக்குத் தொலைபேசி எடுத்தும் சொன்னார். தெருவில் காண்கிறவர்கள் என் தோளில் தட்டி, கடைசி மூச்சிலும் உன் பெயர்தானாமே என்பார்கள். நான் ஓம் என்பேன்.

அனிற்றா என் பெயரைச் சொல்வதில்லை.

சந்தைக்காரர்களோடு அவர்களைப் போலவே இத்தாலியன் கதைத்துச் சண்டை பிடிக்கிறவள்தான். ஆனால் அவளுடைய தாய், தன் கணவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளும் கூப்பிடவில்லை. நான் 'இஞ்சாருங்கோ'. ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவை என் பெயர் அவள் வாயால் வந்தது. குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில், கணவரின் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டபோது. அதற்கும் முதலில் என் கடவுச்சீட்டைத்தான் நீட்டினாள். வாசிக்க முடியவில்லை, நீயே சொல் என்று அவர் சொன்ன பிறகுதான் சொன்னாள்.

ஆகவே இரண்டில் ஒன்று. கஜானன் பொய் சொன்னான். அல்லது அவனோடு கதைக்கும்போது நான் ஸ்ரீபன். எனக்குத் தராத என் பெயரை அவள் அவனுக்குக் கொடுத்திருந்தாள்.

மூன்று மாதமாக இரண்டாவதைத்தான் நினைத்தேன். சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டும்போது நினைத்தேன். முட்டை அவியும் ஒன்பது நிமிடமும் நினைத்தேன்.

போன கிழமை கஜானன் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணா, அக்காவின்ரை கட்டுரை வெளிவருது. அக்காவின்ரை பேர்தான் முதல்."

"ஓம்."

"பதிவுகளையும் எல்லாரும் எடுத்துப் பாவிக்கிற மாதிரி விடுறம். சிலதிலை ஆக்களின்ரை குரல் விழுந்திருக்கு. அதை வெட்ட வேணும். இல்லாட்டிச் சம்மதம் வேணும். அக்காவுக்கு நீங்கள்தான் கையெழுத்து வைக்க வேணும்."

"பதிவு ஓடேக்கை கதைக்கக்கூடாதெல்லோ?"

"கூடாதுதான். கதைச்சிருக்கிறம். கணினி அதெல்லாத்தையும் பிழையான இரைச்சல் எண்டு ஒதுக்கி வைச்சிருக்கு."

"எத்தினை?"

"நாப்பத்திமூண்டு."

"கடைசி நாளும் இருக்கோ?"

"அண்ணா, கேக்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போதும்."

"கேட்டுப்போட்டுத்தான் வைப்பன்."

சனிக்கிழமை போனேன். கடற்கரைக்குப் போகும் மொண்டெல்லோ பஸ்ஸுக்கு வெயில் குடையும் துவாயுமாகச் சனம் நின்றது. என் பஸ்ஸில் நாலு பேர். பல்கலைக்கழகம் வெறுமையாகக் கிடந்தது. கஜானன் வாசலில் நின்று கூட்டிப்போனான். ஆய்வுகூடக் கதவில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. அனிற்றாவின் வரியை எவரும் இன்னும் எடுக்கவில்லை. அதற்கு நேரே என் பெயரும் தொலைபேசி இலக்கமும்.

உள்ளே நிலத்தில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்வேர்ட்டர்கள். இந்தப் பக்கம் சுவரில் சிவப்பு ஆளி, அதற்குப் பக்கத்தில் ஒரு மேசை. ஆளிக்கும் மேசைக்கும் ஒரு கை நீளம்தான். மேசைக்குக் கீழே தோட்டக்காரர்கள் கொடுத்த மண்டரின் பெட்டி, வெறுமையாக.

காதுக்கருவியை மாட்டினேன். அவன் ஒவ்வொன்றாகப் போட்டான்.

"போடும்," என்றாள் அனிற்றா.

"போடுறன்," என்றான் கஜானன்.

பிறகு இரைச்சல். இருவரும் எதற்கோ சிரிப்பை அடக்குகிறார்கள். அடக்க முடியவில்லை. முதல் பதிவு அவ்வளவுதான்.

ஒன்பதாவது பதிவு.

"இண்டைக்கு என்ன அக்கா?"

"கத்தரிக்காய்ப் பாற்கறி. முட்டை."

"எனக்கொண்டு."

"தெரியும். அதுக்குத்தானே ரெண்டு."

நிறுத்தச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு இரவு, ரெண்டு முட்டை வையுங்கோ, பின்னேரம் பசிக்குது என்று அவள் சொல்லியிருந்தாள். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

"நீரோ சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"வெள்ளிக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை நான் மச்சம், முட்டை தொடுறேல்லை. அண்டைக்கு ரெண்டும் அக்காதான்."

அவன் உண்மையாகவே கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னான். இரண்டு வருடம், கிழமைக்கு நாலு நாள், நான் ஐந்தேகாலுக்கு எழும்பி இவனுக்கு முட்டை அவித்திருக்கிறேன்.

"மிச்சத்தைப் போடும்," என்றேன்.

பதினேழாவது பதிவில் அவன், "உங்கட அவர் நல்லாச் சமைப்பார், என்ன?" என்றான். "சமைப்பார். உப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்," என்றாள். உப்பைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் குறைத்திருப்பேன். முப்பதாவதில் கஜானன் ஏதோ கேட்க, இன்வேர்ட்டரின் கொண்டென்சர் பழுதாகும்போது எந்த அதிர்வெண்ணில் இரைச்சல் முதலில் உயரும், ஏன் உயரும் என்று பத்து நிமிடம் விளக்கினாள். குரல் வேகமாக ஓடியது. நடுவில் தானே தன்னைத் திருத்தினாள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எனக்குக் கிடைத்தது 'அதே சத்தம்தான்'. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவன்மேல் எனக்கு வந்த கோபம் முட்டைக்காக வரவில்லை.

நாற்பத்திரண்டு பதிவு. நான் 'அவர்'. 'எங்கட ஆள்'. 'வீட்டிலை இருக்கிறவர்'. என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அது ஆறுதலாக இருக்கவில்லை. பொய் என்று தெரிந்தது, அவ்வளவுதான். பொய்யை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு ஏதோ கடைசிச் சொல் இருக்கும். அதை அவள் இவனிடம் சொல்லியிருப்பாள்.

கஜானன் அடுத்ததைப் போடவில்லை.

"அண்ணா, ஆம்புலன்ஸிலை அக்கா கதைக்கேல்லை. கண்ணே திறக்கேல்லை. அம்மா கேட்டோண்ண எனக்கு வேறை ஒண்டும் வாயிலை வரேல்லை."

"பொய் எண்டு தெரியும்."

"எப்பிடி?"

"அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை."

அவன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அந்தத் தாளிலை பாத்த பேர். அண்டைக்கு உங்களுக்கு ஃபோன் எடுக்கிறதுக்கு. அதைத்தான் சொன்னன்."

"அப்ப கடைசியா உமக்குத்தான் ஏதோ சொன்னவள்."

"ஓம்."

"என்ன?"

"எனக்கு ஏசினவா. நான் ஆளியிலை இருந்து கையை எடுத்தனான். பதிவு ஓடேக்கை. அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." அவன் முகத்தைத் துடைத்தான். "அதுக்குப் பிறகு எட்டு நிமிஷம் வெறும் இரைச்சல். பிறகு கதிரை விழுகிற சத்தம். நான் முதலிலை ஆளியை நிப்பாட்டினனான். பிறகுதான் அக்காவிட்டை ஓடினனான். அது ரெண்டு செக்கன். ஆனா முதலிலை ஆளியைத்தான்."

"அதுதானே சட்டம்."

"ஓம்."

நானாக இருந்தால் நேரே அவளிடம் ஓடியிருப்பேன். அதனால்தான் அந்த இடத்தில் என்னைப் போல ஒருவரை நிறுத்தக்கூடாது. அனிற்றாவுக்கு அது தெரிந்திருக்கும். அதையும் நான் அவனுக்கு விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் ஒரு முட்டைதான் இருந்தது. முதல் நாள் வாங்க மறந்திருந்தேன். சொன்னேன். "பரவாயில்லை," என்றாள், சப்பாத்து போட்டுக்கொண்டே. எனக்கு அவள் கடைசியாகச் சொன்னது அது. முட்டையை உரித்தபோது ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. பிய்ந்த பக்கத்தைச் சோற்றுக்குள் அமத்தி வைத்து மூடினேன்.

"போடும்," என்றேன்.

"போடுறன்," என்றான். பழக்கம்.

நாற்பத்தொரு விநாடி இரைச்சல். பிறகு அவள். பிறகு மறுபடியும் இரைச்சல். கதிரை விழும் சத்தத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை போடச் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். கஜானன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

படிவத்தில் நாற்பத்திரண்டு பதிவுகளையும் வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். அந்தச் சிரிப்பு, அந்தப் பத்து நிமிடம், எல்லாவற்றையும். நாற்பத்துமூன்றாவதை அப்படியே விடச் சொன்னேன்.

இனி இன்வேர்ட்டர் இரைச்சல் தேடுகிற யாராவது, எந்த நாட்டிலாவது, அந்தப் பதிவைத் திறப்பார். நாற்பத்தோராவது விநாடியில் இரைச்சலுக்கு மேலால் ஒரு பெண்ணின் குரல் வரும்.

"கஜானன், கையை ஆளியிலை வையும். முட்டையைத் தொடக்கூடாது. இண்டைக்கு அவர் ஒண்டுதான் அவிச்சுத் தந்தவர். அது எனக்கு."